ஆடியில் பட்டம், கார்த்திகையில் மாவலி

செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகால், நெற்களஞ்சியம் என்று பார்த்துக்கொண்டே போனால், உடற்பயிற்சிக் கூடம் என்று தொல்லியல் துறையினர் பெயர் சொல்லும் ஒரு கட்டடம் வரும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நிறுத்துவேன். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு அந்த நிழல் பிடிக்கும், வெளவால் நாற்றம் பிடிக்காது. "இதுக்குள்ள என்னா டீச்சர் வெளையாடியிருப்பாங்க?" என்று ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். கர்லாக்கட்டை சுழற்றியிருப்பார்கள், தண்டால் எடுத்திருப்பார்கள், மல்யுத்தம் பழகியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "மழ பெய்யற மாசத்துல மட்டுந்தான் டீச்சர் உள்ள வந்திருப்பாங்க. மத்த மாசத்துல வெளிய இவ்ளோ எடம் கெடக்குதே" என்றாள்.

சரித்திர ஆசிரியர் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடமாட்டார். நான் போட்டேன்.

செஞ்சி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பி.டி. டீச்சராக வேலை பார்த்தவள் நான். தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் உண்டாக்கியது 1993இல். அதற்குச் சில வருஷம் கழித்துப் பணியில் சேர்ந்தேன். கல்லூரியில் நான் படித்ததெல்லாம் அளவுகள். கைப்பந்து ஆடுகளம் 18க்கு 9 மீட்டர், பெண்களுக்கு வலை உயரம் 2.24 மீட்டர், கூடைப்பந்துக்கு 28க்கு 15. தமிழ்நாட்டில் உடற்கல்வியை ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் ஆக்கியது, 1920இல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. சுண்ணாம்புக் கோடும் விசிலும் ஒழுங்கான விதிகளும் அந்த வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தவை. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஆடி மாசம் என்று ஒன்று கிடையாது.

செஞ்சிப் பிள்ளைகளுக்கு இருந்தது. ஆனிக் கடைசியில் மேல்காற்று கிளம்பியதும் பட்டம். ஆவணி பிறந்தால் பம்பரம். ஐப்பசி மழையில் வீட்டுத் திண்ணையில் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி. கார்த்திகைக்கு மாவலி. மானாவாரி மல்லாட்டை பிடுங்கி முடிந்த கொல்லையில் மார்கழியும் தையும் கிட்டிப்புள். மாசிக்கு மேல் புளியமரத்து நிழலில் கோலி. சித்திரை, வைகாசியில் பகலில் நொங்கு வண்டி, ராத்திரியில் நிலா வெளிச்சத்தில் சடுகுடு. யார் உத்தரவு போடுகிறார்கள் என்று தெரியாது; ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாப் பையன்கள் பையிலும் பம்பரம் இருக்கும், பட்டத்து நூல் ஒரு கண்டுகூட இருக்காது.

பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் பறிமுதல் செய்ய வேண்டிய பொருள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் அறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் பம்பரமும் கோலியும் உண்டிவில்லும்தான். விளையாட்டுச் சாமான் என்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டதோ ஒட்டுப்போட்ட இரண்டு பந்து, கயிறு தொங்கும் ஒரு வலை. பி.டி. பீரியடைப் பரீட்சைக்கு முன்னால் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் தாரை வார்ப்பது தனி வழக்கம். அந்த அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கியதிலிருந்துதான் என் உத்தியோகம் உருப்படியாகத் தொடங்கியது என்று சொல்வேன்.

காலத்துக்கு ஏற்ற விளையாட்டு என்று நான் பேசினால், பழசை நினைத்து உருகுகிறேன் என்று சக ஆசிரியர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதைவிடச் சாதாரணமானது. ஆடிக் காற்றில் கைப்பந்து சர்வீஸ் போட்டால் பந்து வேலிக்கு வெளியே போய் விழும். பூப்பந்தின் கதி இன்னும் மோசம், அது கம்பளி நூல் பந்து. காற்றோடு மல்லுக்கட்டியே பீரியட் முடிந்துவிடும். அதே காற்றில் பட்டம் விடச் சொன்னால் சோம்பேறிப் பிள்ளைகூடப் பின்னோக்கி ஓடும், நூலை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும், நிமிர்ந்த கழுத்து இறங்காது. செய்தித்தாள், தென்னை ஈர்க்கு, சோற்றுப் பருக்கை, வாலுக்குப் பழைய சேலைக் கிழிசல்: அரசாங்கத்துக்குக் காசு செலவில்லை. குறுவட்டப் போட்டிகளும் அந்த மாதங்களில்தான் வரும் என்பதால் அணியில் இருக்கிறவர்களுக்குக் காலையும் மாலையும் தனிப் பயிற்சி. வகுப்புக்கு வரும் மற்ற நாற்பது பேருக்கு என்ன வழி என்பதுதான் என் கவலை. பூப்பந்தை மாசிக்குத் தள்ளினேன். ஆடியைக் காற்றுக்கு விட்டுக்கொடுத்தேன்.

பம்பரத்தில்தான் சண்டை வந்தது. ஆவணியில் பெண் பிள்ளைகளையும் வட்டத்துக்குள் நிறுத்தியதும், "பொட்டப் புள்ளைங்களுக்குப் பம்பரம் என்னாத்துக்கு டீச்சரம்மா?" என்று ஒரு பாட்டி வாசல் வரை வந்து கேட்டுவிட்டுப் போனார். ஈட்டி எறிகிற கைக்கும் பம்பரம் குத்துகிற கைக்கும் தோளில் நடக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பையன்கள் பரம்பரைச் சொத்துபோல நடந்துகொண்டார்கள்: சாட்டையை ஆணியிலிருந்து இறுக்கிச் சுற்றி, கையை உயர்த்திக் குத்தி, சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் எடுத்து அபீட் பிடித்து, கடைசியாகப் பிடித்தவன் பம்பரத்தை வட்டத்தில் வைத்து ஆக்கர் போட்டார்கள். பெண்கள் குத்தினால் பம்பரம் படுத்துக்கொண்டே உருண்டு போகும். பையன்கள் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில்தான் கைபேசி எனக்குப் பயன்பட்டது. ஸ்லோ மோஷன் வசதியுள்ள போன் கையில் வந்த புதிதில், சும்மா ஒரு விளையாட்டுக்காகப் பெண்கள் குத்துவதைப் படம் பிடித்தேன். ஓட்டிப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரிந்தது. கையைப் போதிய உயரத்துக்குக் கொண்டு போவதில்லை; சாட்டை முழுக்கப் பிரிவதற்கு முன்பே பம்பரம் தரையைத் தொட்டுவிடுகிறது. இன்னொருத்தி கையை உயர்த்துகிறாள், ஆனால் கடைசி நொடியில் வெடுக்கென்று பின்னால் இழுப்பதில்லை. நான் வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, தன் கையைத் தானே மெதுவாகப் பார்த்ததும் ஏறிவிட்டது. போனை நடுவில் வைத்து ஏழெட்டுத் தலைகள் குனிந்து பார்க்கும். அப்புறம் போனை மறந்துவிட்டுச் சாட்டையைச் சுற்றப் போய்விடுவார்கள். கருவி அந்த அளவுக்கு வந்து அந்த அளவோடு விலகிக்கொள்வதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாரம் முடிவதற்குள் சிரிப்பு பையன்கள் பக்கத்திலிருந்து இடம் மாறியது.

கபடியில் கைபேசிக்கு வேலை அதிகம். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் பெய்ஜிங்கிலேயே வந்துவிட்டது; பெண்கள் கபடி வர 2010 குவாங்சௌ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைச் சொல்லித்தான் பல வீடுகளில் பெண்ணை அனுப்பச் சம்மதம் வாங்கினேன். பெண்கள் ஆடுகளம் 12க்கு 8 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பாக் லைன், அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் லைன். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்ட வேண்டும், அந்த நேரத்தில் மறுகால் அந்தரத்தில் இருக்க வேண்டும். இருந்ததா, இல்லையா? என் சர்வீஸில் மைதானத்தில் நடந்த சண்டைகளில் பாதி இந்தப் பின்காலைப் பற்றியதுதான். விசில் என் வாயில் இருந்ததால் நான் சொன்னது தீர்ப்பு. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்பார்கள். போன் வந்த பிறகு பக்கவாட்டில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் படம் பிடிக்கச் சொன்னேன். கால் காயம்பட்டோ உடம்பு முடியாமலோ ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது வேலை. ஒரு வருஷம் அப்படி உட்கார்ந்த ஒருத்தி, யார் எந்தப் பக்கம் பாய்வாள், யார் எந்தக் காலை முதலில் எடுப்பாள் என்று தானாகவே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அணிக்கு அவள் ஆடியதைவிட அந்த நோட்டு அதிகம் உதவியது.

ஆனால் கடிகார விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எங்கள் சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம். பாடிக்கொண்டே போக வேண்டும், பாட்டு அறுந்தால் ஆள் அவுட். 2014இல் ப்ரோ கபடி டி.வி.க்கு வந்த பிறகு ஒரு ரெய்டுக்கு 30 நொடி என்ற கணக்கு சின்னப் பிள்ளைகள் வரை பரவிவிட்டது. வாய் ஏதோ முணுமுணுக்கும், கண் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கிறவளைப் பார்க்கும். போட்டிக்கு அது வேண்டியதுதான். வகுப்பில் நான் வாரம் ஒருநாள் கடிகாரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, மூச்சு விடாமல் உரக்கப் பாடித்தான் போக வேண்டும் என்பேன். பத்துப் பதினைந்து நொடியிலேயே பாதிப் பேர் திரும்பி ஓடிவருவார்கள். சித்திரை நிலாவில் ஊர்ப் பையன்களோடு ஆடிப் பழகிய பிள்ளைகள் மட்டும் அசராமல் நிற்பார்கள்.

2019இல் கேலோ இந்தியா செயலி வந்தது. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டமோ நடையோ, உட்கார்ந்து விரல் நீட்டுவது, பாதி எழும் பயிற்சி, தண்டால் என்று சோதனைகள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒற்றைக் காலில் நிற்பதும் தட்டைத் தொடுவதும். நல்ல சோதனைகள்தான். பிள்ளையின் உடம்பைப் பற்றி 'நல்லா ஓடுவான்' என்பதைவிடக் கூடுதலாக ஏதாவது சொல்ல எங்களைப் பழக்கின. ஒரு பிள்ளை உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மூன்று வருஷமாக நிற்கிறது என்பது ஏட்டில் எழுதினால்தான் கண்ணில் படுகிறது.

நான் செய்தது ஒன்றுதான்: என் நோட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் மாசத்தையும் எழுதினேன். ஜூன் கடைசி வெயிலில் செஞ்சி மைதானத்தில் 600 மீட்டர் ஓடுவது என்ன என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் பாறை மலை, காலையில் பத்து மணிக்கே அது அனலைத் திருப்பி அனுப்பும். அதே பிள்ளைகளைத் தை மாசத்தில், கிட்டிப்புள்ளுக்காகக் கொல்லை கொல்லையாக ஓடி முடித்த பருவத்தில் மறுபடி ஓடவிட்டேன். ஜூனில் நடந்து முடித்தவர்கள் பலர் ஓடியே முடித்தார்கள். நடுவில் நான் பெரிதாக எதுவும் பயிற்சி கொடுக்கவில்லை. பருவமும் விளையாட்டும் அந்த வேலையைப் பார்த்திருந்தன. ஒரே ஒருமுறை அளந்து, அதைப் பிள்ளையின் தரம் என்று எழுதி மூடிவைப்பது இந்த ஊருக்குப் பொருந்தாது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் வாட்ஸ்அப்புக்கும் போயின. நானும் வீட்டு மொட்டை மாடியில் நின்று குதிப்பதையும் குனிவதையும் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போட்டேன். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கட்டைவிரல் அடையாளம் நாலைந்து வரும், அவ்வளவுதான். ஆடி பிறந்தது. ஒருநாள் சாயங்காலம் ஒரு பையன், நான் கேட்காமலே ஒரு வீடியோ அனுப்பினான். ஆட்டம் காணும் படம், காற்றின் இரைச்சல், பின்னால் கோட்டையின் ராஜகிரி மலை, அதற்கு மேலே ஒரு தினமணிப் பட்டம். அடுத்த நாள் வேறு பிள்ளைகள். அடுத்த வாரத்துக்குள் குழு முழுக்கப் பட்டம்தான். மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஒருத்தி, வால் எவ்வளவு நீளம் வைத்தால் குட்டிக்கரணம் போடாது என்று பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அதற்கு முப்பது பதில்கள். நான் அனுப்பிய உடற்பயிற்சிகளை யார் செய்தார்கள் என்று தெரியாது. அந்த ஆடியில் பிள்ளைகள் ஓடினார்கள் என்பதற்குப் படமே அத்தாட்சியாக இருந்தது.

மாவலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், தெற்கத்திப் பிள்ளைகள் பலருக்கு அது தெரிவதில்லை. பனம்பூவைக் குழியில் போட்டு மூட்டம் வைத்துக் கரியாக்கி, இடித்துப் பொடியாக்கி, பழந்துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். அதைப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் செருகி, நுனியில் கயிறு கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் தீப்பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். நெருப்பைப் பள்ளிக்குள் விட முடியாது. அதனால் வகுப்பில் துணிமூட்டைக்குள் மணலை வைத்துச் சுழற்றப் பழக்கினேன். இரண்டு கையாலும், இரண்டு பக்கமாகவும். வலது கையால் மட்டுமே எல்லாம் செய்யும் பிள்ளைகளுக்கு இடது தோளைத் தட்டியெழுப்ப இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. தீபத்தன்று தெருவில் எடுத்த நிஜ மாவலி வீடியோக்களை மறுநாள் கொண்டுவருவார்கள். அறிவியல் ஆசிரியர் ஒருவர் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஒரு சுற்றுக்கு எத்தனை படம் என்று எண்ணவைத்து, வேகம் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தார். கயிற்றின் நீளம் தெரிந்தால் போதும், பொறி என்ன வேகத்தில் பறக்கிறது என்று வந்துவிடும். என் பீரியடைக் கடன் கேட்டு வாங்கி உருப்படியாகச் செலவழித்தவர் அவர் ஒருவர்தான்.

மழை மாசங்கள்தான் கஷ்டம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அப்படி இல்லாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மைதானங்கள் வாரக்கணக்கில் சேறுதான். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிதோறும் சதுரங்கம் வந்தது. நான் அதோடு ஆடுபுலியையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் சாக்பீஸ் கோடு. ஹைடெக் லேப் கணினியில் சதுரங்கம் ஆடப் பழகிய பையன், ஆடுபுலியில் தன் பாட்டியிடம் தோற்றதாக வந்து சொன்னான். கணினியைவிடப் பாட்டி மோசமானவர் என்பது அவன் கருத்து.

தை பிறந்து வெயில் இதமாக இருக்கும்போது ராஜகிரி ஏறுவோம். மலையடிவாரத்திலும், வழியில் ஒவ்வொரு வாயிலிலும், உச்சியிலும் எல்லோரும் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்க்க வேண்டும். நான் போனில் பதினைந்து நொடி ஓடவிடுவேன். எண்ணியதை நாலால் பெருக்கி எழுதுவார்கள். உச்சியில் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. யாருடைய நாடி சீக்கிரம் அடங்குகிறதோ அவருடைய உடம்பு தேறியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஓடி ஏறியவனுக்கு அடங்க நேரம் பிடிக்கும். நிதானமாக வந்த குண்டுப் பெண்ணுக்குச் சட்டென்று இறங்கும். இது தெரிந்த நாளில் அவள் இறங்கி வந்த நடையே வேறு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்களுடையது. இனி கூட்டம் வரும், வேலியும் வரும். வரட்டும். உள்ளூர்ப் பள்ளிகள் தை மாசத்தில் மலையேற மட்டும் தடை வராமல் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் கால அட்டவணை போடுவதற்கு முன், உங்கள் ஊரில் எந்த மாசம் என்ன விளையாட்டு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் ஒன்று சொல்வார்கள், மலையில் ஒன்று சொல்வார்கள், சென்னையில் மொட்டை மாடியைத் தவிர வேறு இடம் இல்லை என்பார்கள், அதையும் எழுதுங்கள். அந்த விளையாட்டுகளைப் போனில் படம் பிடித்து, விதிகளைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவைத்துச் சேமித்து வையுங்கள். பணிமாறுதலில் அடுத்த ஊருக்குப் போகும்போது அதைப் புதிதாக வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அலமாரிச் சாவியையும் மறக்காமல் கொடுங்கள்.